இருபத்திரண்டு வளைவுகளும் ஒரு கையெழுத்தும்

எங்கும் போகவேண்டிய வேலை இல்லாத ஒருவர் வண்டி ஓட்டலாமா?

பாகீரதியின் கடந்த இருபது வருஷங்கள் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தன. யாரும் அவளிடம் இதை இப்படிக் கேட்டதில்லை. "எங்கே கிளம்பியாச்சு?" என்றுதான் கேட்டார்கள். ஸ்ரீவராகத்துத் தெருவில் அது குசலம் விசாரிப்பதைப் போல. ஆஸ்பத்திரிக்கு என்றால் தலையாட்டுவார்கள். கோவிலுக்கு என்றால் சிரிப்பார்கள். சாலைக் கம்போளத்துக்கு என்றால் ஒரு கட்டு வாழையிலை வாங்கிவரச் சொல்வார்கள். "சும்மா, பொன்முடி வரைக்கும்" என்று சொன்னால் மட்டும் கேட்டவர் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொள்ளும்.

எதிர்வீட்டு ராமசுப்ரமணியன் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். தினமும் காலையில் மியூசியம் மைதானத்துக்குப் போய் ஒரே வட்டத்தில் ஆறு சுற்று நடந்துவிட்டு வருவார். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற அவரை எங்கே போனீர் என்று யாரும் கேட்டதில்லை. பாகீரதியும் கிளம்பிய இடத்துக்குத்தான் திரும்பி வந்தாள். நடுவே மலை ஒன்று இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் செய்தால் ஆரோக்கியம், அவள் செய்தால் ஊர் சுற்றல்.

வண்டி, 2005-ஆம் வருஷத்து மாருதி ஸென். வெள்ளி நிறம். அதை அவள் வாங்கியபோது வயது நாற்பத்தொன்று. ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். கல்யாணம் அமையவில்லை. அப்பா நீலகண்டனும் அம்மாவும் அவளோடு இருந்தார்கள். தம்பி ஹரிஷங்கர் கல்யாணமாகிக் கழக்கூட்டத்தில் ஃப்ளாட் வாங்கிப் போயிருந்தான். அம்மாவுக்கு இழுப்பு, அப்பாவுக்குக் கண். வண்டிக்குக் காரணம் இருந்தது. அதனால் யாரும் மறுக்கவில்லை.

ஆனால் ஜாதகம் பார்த்தார்கள். அந்த வீட்டில் குக்கர் வாங்குவதற்குக்கூட நாள் பார்ப்பார்கள். வண்டிக்குப் பார்க்காமல் இருப்பார்களா? ஜோசியர் கட்டத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டு, பாகீரதிக்கு வாகன யோகம் இல்லை என்றார். அவள் பேரில் எடுத்தால் அபகடம், விபத்து வரும். அப்பாவுக்கு நாலாம் இடம் பலமாக இருக்கிறது, அவர் பேரில் எடுங்கள். அப்பாவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

"யார் பேர்ல இருந்தா என்னக்கா," என்றான் ஹரி. "ஓட்டப்போறது நீதானே."

சரியென்றுதான் அவளுக்கும் பட்டது. கடன் அவள் பேரில், மாதாமாதம் பிடித்தம் அவள் சம்பளத்தில், பதிவுப் புத்தகம் மட்டும் நீலகண்டன் பேரில். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் வண்டியை நிறுத்தியபோது பூஜாரி கேட்டார்: "பேரும் நட்சத்திரமும்?" நீலகண்டன், விசாகம் என்றாள். அவளே கையால் தேங்காய் எறிந்து உடைத்தாள். அர்ச்சனை அப்பாவுக்குப் போயிற்று. இதை நினைக்கும்போது பிற்காலத்தில் அவளுக்கு ஜோசியர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் அதிகம். நாற்பத்தொரு வயது. படித்தவள். ஒரு கட்டத்தில் ஒரு கிரகம் இல்லை என்று யாரோ சொன்னதற்குத் தலையாட்டியிருக்கிறாள்.

வண்டியைப் பற்றிப் பெரிதாக மெச்சுவதற்கு ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏஸி போட்டால் ஏற்றத்தில் திணறும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் மற்ற இருவர்மேலும் உட்கார்ந்திருப்பார். கதவைச் சாத்தினால் டப்பா மூடுகிற சத்தம். ஆனால் முக்கால் டன் எடைதான். தரையோடு தாழ்ந்து நிற்கும். ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை திருப்பினால் மூக்கும் ஒரு விரற்கடை திரும்பும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பொருள் உலகத்தில் எத்தனை இருக்கிறது? அவளுடைய அலுவலகத்தில் இல்லை, வீட்டில் இல்லை. இதில் இருந்தது.

பாகீரதி எதையும் படித்துப் பார்க்கிறவள். இந்த வண்டியைச் செய்தவர்கள் யார் என்று தேடிப் படித்தாள். மாருதி என்று ஊர் முழுக்கச் சொன்னாலும் உள்ளே இருந்தது ஸுஸுகி. ஜப்பானில் ஹமமட்ஸு என்கிற ஊரில் 1909-இல் தறி செய்யத் தொடங்கிய ஆளின் பெயர் அது. போருக்குப் பிறகு துணித் தொழில் படுத்துவிட, 1952-இல் சைக்கிளில் பொருத்துகிற சின்ன எஞ்சின் ஒன்றைச் செய்தார்கள். மூன்று வருஷத்தில் கார். அந்தக் கார் தாங்குமா என்று பார்க்க, ஹாகோனே மலைப்பாதை வழியாக ஏற்றித் டோக்கியோவுக்கு ஓட்டிக்கொண்டு போனார்களாம். இதைப் படித்த அன்றைக்கு அவளுக்கு அந்தக் கம்பெனிமேல் ஓர் உறவு வந்தது. மலையில் ஏற்றிப் பார்க்காமல் ஒரு வண்டியைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

இன்னொரு விஷயம் அவளை அதைவிட அதிகமாக யோசிக்க வைத்தது. 1979-இல் ஆல்ட்டோ என்கிற காரை நம்பமுடியாத மலிவு விலைக்கு விற்றார்கள். எப்படி முடிந்தது? பயணிகள் காருக்கு வரி உண்டு, சரக்கு வண்டிக்கு இல்லை. ஆகவே அதைச் சரக்கு வண்டி என்று காட்டினார்கள். பின்சீட்டு பேருக்கு இருந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் கடைக்குப் போக வர ஒரு சின்னக் கார் வேண்டும் என்று நினைத்த பெண்கள். சரக்கு என்று எழுதி, சந்தோஷத்தை விற்றார்கள். ஸென் அந்தக் குடும்பத்தில் வந்ததுதான். ஐரோப்பாவுக்குப் போனபோது அதற்கும் ஆல்ட்டோ என்றே பெயர்.

அவளும் அப்படித்தான் எழுதினாள். வண்டி வந்த அடுத்த வருஷம் முதல்முறையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பொன்முடிக்குப் போனாள். அம்மாவிடம், ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன் என்றாள். இன்னொரு தடவை, நெடுமங்காட்டில் கூட வேலைபார்ப்பவள் வீட்டில் வளைகாப்பு என்றாள். அந்தச் சிநேகிதிக்கு ஆறு வருஷத்தில் நாலு வளைகாப்பு நடந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அப்பாவுக்கு டயாலிஸிஸ் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு நாள், ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் பாகீரதியைப் போலப் பெண் உண்டா என்று தெரு பேசியது. காரணம் பளிச்சென்று முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவை அழைத்துப்போனது கடமை, அதற்கு யாரும் தட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் திரும்பி வரும்போது, அப்பா தூங்கியபிறகு, கரமனைப் பாலம் தாண்டியதும் மூன்றாவது கியரில் எஞ்சின் ஒரே சீராகப் பாடுகிற அந்த ஒன்றரை நிமிஷத்தை அவள் தனியாக வைத்துக்கொண்டாள். அதை யாரும் பாராட்டவில்லை, கண்டிக்கவும் இல்லை. யாருக்கும் தெரியாது.

அம்மா 2016-இல் போனாள். அப்பா 2021-இல் போனார், தொண்ணூறு வயதில். அதற்கு முந்தின வருஷம் பதிவைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட்டபோது அவர் கேட்டார்: "உன் வண்டிதானேடி, என் பேர் என்னத்துக்கு?" அப்புறம் மாத்திக்கலாம் என்றாள். மாற்றவில்லை. அந்த வருஷம்தான் அவளும் ஓய்வு பெற்றிருந்தாள்.

அப்பாவின் வருஷ திவசம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராமசுப்ரமணியன் வழக்கம்போலக் கேட்டார்: "எங்கே மாமி, கார்த்தாலயே?"

"பொன்முடிக்கு."

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லை. சும்மா."

இனிமேல் பொய் சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை. சரக்கு என்று எழுத வேண்டிய அவசியம் தீர்ந்தது என்று அவள் நினைத்தாள். அது அவளுடைய இரண்டாவது தவறு.

பொன்முடி ஏறுகிறவர்களுக்குத் தெரியும். விதுரை தாண்டி, கல்லாற்றில் ஒரு சாயா குடித்து, சோதனைச்சாவடியைக் கடந்தால் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. ஐந்தாவது வரைக்கும் மரம். பிறகு தேயிலை. பதினொன்றாவது கொஞ்சம் வம்பு பிடித்தது, வளைவின் நடுவிலேயே ஏற்றமும் கூடும். அதை இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொடாமல், எஞ்சின் இரைச்சலைக் காதால் கேட்டே எடுக்கவேண்டும். நன்றாக எடுத்தால் யாரும் கைதட்டப்போவதில்லை. மேலே போய் என்ன செய்வாள் என்றால், பதினைந்து நிமிஷம் மூடுபனியைப் பார்ப்பாள், திரும்பி இறங்குவாள். பத்து மணிக்குள் வீடு. சாதம் வைப்பாள்.

இதுதான் குற்றம்.

கல்லாற்றுச் சாயாக்கடையில் அவள் தனியாக நின்று சாயா குடிப்பதை ஒருநாள் ராமசுப்ரமணியனின் மருமகன் பார்த்திருக்கிறான். மாமனாரிடம் சொன்னான். அவர் சங்கத்து வாட்ஸப் குழுவில் போடவில்லை, அந்த அளவுக்கு மரியாதை இருந்தது. ஹரிக்கு மட்டும் போன் செய்தார். பதினெட்டு வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதைப்போல, அறுபது வயதுப் பெண்ணைப் பற்றி, அவளைவிட நாலு வயது சின்ன தம்பியிடம்.

2025-இல் பதிவு மறுபடியும் முடிகிற வருஷம். அக்டோபர் மாதம் பத்தொன்பதாம் தேதி கடைசி. ஆகஸ்டிலேயே பாகீரதி காகிதங்களை எடுத்துக்கொண்டு ஏஜெண்ட் அனிலைப் பார்த்தாள். பாறசாலைப் பக்கத்து ஆள், கிழக்கேகோட்டையில் ஒரு மாடிப்படியின் கீழ் அவனுடைய ஆபீஸ்.

"மேடம், ஓணர் மரிச்சுப் போயாச்சுல்லா," என்றான் அனில். "ஆளில்லாத பேர்ல எப்படிப் புதுக்க? முதல்ல பேரு மாத்தணும். வாரிசு எத்தனை பேரு?"

"நானும் தம்பியும்."

"அப்ப தம்பி சம்மதம்னு ஒரு ஒப்பு, கையெழுத்து, போடட்டு. அவ்வளவுதான். பத்து நாள் சோலி."

"வண்டி நான் வாங்கினது."

"அது செரிதான் மேடம். ஆனா பேப்பர்ல நீங்க இல்லயே."

இருபது வருஷம் தவணை கட்டி, எண்ணெய் மாற்றி, சக்கரம் மாற்றி, மழையில் துடைத்து ஓட்டியவள் பேப்பரில் இல்லை. ஹாரன் எங்கே இருக்கிறதென்றே தெரியாதவர் இருந்தார். அவர் போனபிறகு, பாதி வண்டி ஹரிக்கு. அவன் அதில் ஒரு தடவை பெட்ரோல் போட்டதில்லை. பாகீரதி காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்தப் படிக்கட்டின் கீழேயே கொஞ்சநேரம் நின்றாள். கோபத்தில் வண்டி ஓட்டக்கூடாது என்பது அவளுடைய விதி.

ஞாயிற்றுக்கிழமை கழக்கூட்டத்துக்குப் போனாள். ஹரியின் ஃப்ளாட் ஒன்பதாவது மாடி. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர் அவன். அவன் மனைவி சுப்ரியா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். கீழே அவர்களுடைய இரண்டு கார்கள் நின்றன. ஒன்று புதிய மின்சாரக் கார், இரண்டு டன்னுக்குக் குறையாது. இரண்டையும் ஹரிதான் ஓட்டுவான். சுப்ரியாவுக்கு லைசென்ஸ் உண்டு. 2007-இல் பாகீரதிதான் சங்குமுகம் கடற்கரைச் சாலையில் பதினைந்து நாள் ஸென்னைக் கொடுத்துப் பழக்கினாள். பதினாறாம் நாள் சுப்ரியா வண்டியைக் கேட்டில் லேசாக உரசிவிட்டாள். ஹரி, போதும் என்றான். அன்றைக்கு நின்றது நின்றதுதான்.

"நான் ஒப்பு போடமாட்டேன்னு சொல்லலைக்கா," என்றான் ஹரி. "எனக்கு வண்டி வேண்டாம். அது நின்ன இடம்கூட எனக்கு வேண்டாம். நீ பத்திரமா இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

"நான் பத்திரமாத்தான் இருக்கேன்."

"மலைப்பாதையில தனியாவா? உனக்கு அறுபத்தொண்ணு."

"உனக்கு அம்பத்தேழு. ப்ரஷர் மாத்திரை சாப்பிடறது நீ."

"அதுல ஏர்பேக் கூட இல்லைக்கா."

"ஏழு வருஷம் அது இல்லாமத்தான் அப்பாவை ஏத்திண்டு போனேன். அப்போ உனக்கு ஏர்பேக் ஓர்மை வரலையே."

ஹரி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக, நியாயம் சொல்கிற குரலில் சொன்னான்: "அப்போ காரணம் இருந்ததுக்கா."

அவன் கெட்டவன் அல்ல. அதுதான் பாகீரதியை எரித்தது. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். இவன் உண்மையாகவே பயப்பட்டான். ஆனால் இரண்டு டன் காரில், காலைப் போக்குவரத்தில், தினமும் பைபாஸில் போகிற தன்னைப்பற்றி அவனுக்குப் பயம் வரவில்லை. அவனுக்கு வேலை இருந்தது. வேலை இருந்தால் ஆபத்தும் மரியாதைக்குரியதாகிவிடும் போல.

"அம்பலத்துக்குப் போ, சாமி கும்பிடு. டாக்டர்கிட்டப் போ. கம்போளத்துக்குப் போ," என்றான். "சிட்டிக்குள்ள எங்கே வேணும்னாலும் ஓட்டிக்கோ. மலைக்கு வேண்டாம். இதுக்கு நீ சரின்னா நாளைக்கே ஒப்பு."

"அம்பலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓடற வண்டி எந்தக் கம்பெனியில விக்கறா ஹரி? சொன்னா வாங்கிக்கறேன்."

சுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹரி திரும்பிப் பார்த்ததும் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கரமனையில் வேலாயுதன் என்று ஒரு மெக்கானிக். முதல் ஸர்வீஸுக்குப் பிறகு அந்த வண்டியைத் தொட்டவன் அவன் ஒருவன்தான். அவனிடம் போய்ச் சொன்னாள். அவன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்தபடியே கேட்டான்.

"கேஸ் குடுங்க மாமி. லோன் பேப்பர் ஒங்க கைலதான இருக்கு?"

"எல்லாம் இருக்கு. இருபது வருஷத்து ரசீதும் இருக்கு."

"பின்ன என்ன? ஜெயிச்சிரலாம். மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இங்க நிக்கட்டும், நான் வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் போட்டுத் தாறேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "இல்லன்னா தம்பி ஒப்ப நம்மளே போட்ருவோம். யாரு பாக்கா?"

"வேலாயுதா, என் வண்டியை நானே திருடச் சொல்றயா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினான்.

வழக்குப் போட்டால் ஜெயிப்பாள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என்னவென்று மனு எழுதுவது? எனக்கு இந்த வண்டி தேவை என்றா? தேவை இல்லை. அதுதான் விஷயமே. தேவை இல்லாத ஒன்றை வேண்டும் என்று சொல்ல ஒரு நீதிமன்றத்தில் எந்தப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் இடம் இருக்கிறது? நீதிபதி நல்லவராக இருந்தால், பாவம் தனியாக இருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போக வர வேண்டுமே என்று தீர்ப்பெழுதுவார். மறுபடியும் சரக்கு.

செப்டம்பர் போயிற்று. அக்டோபர் பதினைந்தாம் தேதி சுப்ரியா ஸ்ரீவராகத்துக்கு வந்தாள். ஆட்டோவில் வந்தாள். கழக்கூட்டத்திலிருந்து ஒரு மணி நேரம். வாசலில் கோலத்தை மிதிக்காமல் சுற்றி ஏறினாள். அந்தத் தெருவில் வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்பவை, வண்டிக்கு வாசல்தான் இடம். ஆகவே பாகீரதியின் கோலம் எப்போதும் வாசலின் இடது ஓரத்தில் சிறியதாக, மூன்று புள்ளியில் முடியும். மிச்ச இடத்தில் ஸென்.

"இவர் குடுத்துவிட்டார்," என்று சுப்ரியா ஒரு காகிதத்தை நீட்டினாள்.

டைப் அடித்த அரைப் பக்கம். நகர எல்லைக்கு வெளியே ஓட்டமாட்டேன். மலைப்பாதையில் ஓட்டமாட்டேன். நெடுந்தூரம் போவதானால் முன்கூட்டித் தெரிவிப்பேன். கீழே பாகீரதியின் பெயர், கையெழுத்துக்குக் கோடு. அதற்குப் பின்னால், குண்டூசியால் சேர்த்து, ஹரியின் சம்மதப் பத்திரம். அதில் கையெழுத்து இல்லை. முதல் தாள் அவள் கையெழுத்தோடு திரும்பி வந்தால்தான் இரண்டாவது தாளில் அவன் கையெழுத்து விழும்.

பாகீரதி இரண்டு தடவை படித்தாள். அலுவலகத்தில் முப்பது வருஷம் இப்படிப்பட்ட தாள்களைப் பார்த்திருக்கிறாள். ஒழுங்கு நடவடிக்கைக்கு முன்னால் ஊழியரிடம் வாங்குகிற தாள் இது.

"கீழே ரெண்டு வண்டி நிக்கறது. நீ ஆட்டோல வந்திருக்கே," என்றாள்.

"அதுக்கெல்லாம் சாவி இவர் போன்லயாக்கும் இருக்கு, அக்கா." சுப்ரியா சிரித்தாள். பிறகு வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தபடி கேட்டாள்: "பதினொண்ணாவது வளைவை நீங்க செகண்ட்லயா எடுப்பேள்? அன்னிக்கு ஃபர்ஸ்ட்டுக்கு மாத்தினேள்னு ஓர்மை."

பாகீரதி காகிதத்தைக் கீழே வைத்தாள். சுப்ரியா பொன்முடிக்கு அவளோடு வந்தது ஒரே ஒரு தடவை. 2008-இல். அப்பா, அம்மா, ஹரி மூவரும் பின்னால். சுப்ரியா முன்னால் உட்கார்ந்து பலகைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். குழந்தைத்தனம் என்று ஹரி சொன்னான். அதற்குப் பிறகு பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

"அன்னிக்கு அஞ்சு பேர் இருந்தோம்," என்றாள் பாகீரதி. "அதனால ஃபர்ஸ்ட். தனியா இருந்தா செகண்ட் போதும்."

"நினைச்சேன்," என்றாள் சுப்ரியா.

காப்பி குடித்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். தாள் மேஜைமேல் இருந்தது.

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. பதிவு உயிரோடிருக்கிற கடைசி நாள். பாகீரதி ஆறு மணிக்குக் கிளம்பினாள். ராமசுப்ரமணியன் நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டுவதில் மும்முரமானார்.

கல்லாற்றில் சாயா குடித்தாள். இருபத்திரண்டையும் ஏறினாள். பதினொன்றாவதைச் சுமாராகத்தான் எடுத்தாள், முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன். மேலே மூடுபனி இல்லை, வெயில். கடைசி நாள் என்பதற்காக மலை எதையும் கூட்டிக் காட்டவில்லை. இறங்கி, வீட்டுக்குப் போகாமல், நேரே கழக்கூட்டத்துக்கு விட்டாள்.

ஹரி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். பாகீரதி அவன் அனுப்பிய முதல் தாளை மேஜைமேல் வைத்தாள். கோட்டின்மேல் கையெழுத்து இல்லை. அதன்மேல் வேறு ஒரு பத்திரத்தை வைத்தாள். அனிலிடம் சொல்லி முந்தினநாள் தயாரித்தது. வாரிசுகள் இருவரும் சம்மதித்தால் யார் பேருக்கும் வண்டியை மாற்றலாம், தேதி தாண்டினால் அபராதம் கட்டிப் புதுக்கிக்கொள்ளலாம் என்று அனில் சொல்லியிருந்தான். பத்திரத்தில் அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

ஹரி படித்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தான்.

"சுப்ரியா பேர்லயா?"

"ஆமாம்."

"என்னக்கா இது? உன் பேருக்கு மாத்தத்தானே நடந்துண்டிருந்தே?"

"உனக்கு வண்டி வேண்டாம்னே. நான் பத்திரமா இருக்கணும்னே. ரெண்டும் ஆச்சு. ஒப்பு போடு."

சுப்ரியா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"இவளுக்கு எதுக்கு வண்டி?" என்றான் ஹரி, அக்காவைப் பார்த்து. பிறகு, கேள்வி இடம் மாறிவிட்டது என்று உணர்ந்தவன்போல, மனைவியைப் பார்த்துத் திரும்பினான். "உனக்கு எதுக்கு இப்போ வண்டி? நான்தான் எங்கே வேணும்னாலும் கொண்டுவிடறேனே."

ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரவேண்டிய காரணத்துக்காக அந்த வீடு காத்திருந்தது. சுப்ரியாவிடம் காரணங்கள் இல்லாமல் இல்லை. அவள் அம்மா வஞ்சியூரில் தனியாக இருந்தாள். மகள் ஜானவி மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது ஸ்டேஷனுக்கு ஆள் போகவேண்டும். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அவன் தலையாட்டியிருப்பான்.

"ஒண்ணுத்துக்கும் இல்லை," என்றாள் சுப்ரியா.

கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். மேஜைமேல் கிடந்த பேனாவை மூடி கழற்றி ஹரியின் பக்கம் நகர்த்தினாள். அவன் அவளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். மறுக்க வேண்டுமானால் இப்போது ஒரு காரணம் அவன் சொல்லவேண்டும். தன் மனைவிக்கு அறுபத்தொரு வயது இல்லை. தனியாக இருக்கிறாள் என்றும் சொல்லமுடியாது. ஏர்பேக் என்று தொடங்கினான். பாதியில் விட்டு, பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போட்டான்.

பாகீரதி இரண்டு சாவிகளையும் மேஜைமேல் வைத்தாள். ஓட்டுகிற சாவியும், இருபது வருஷமாகப் பூஜையறை மாடத்தில் இருந்த மாற்றுச் சாவியும். "க்ளச் கொஞ்சம் மேலேயே பிடிக்கும்," என்றாள். "அவ்வளவுதான்." சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். இருக்கவில்லை. கழக்கூட்டம் நிறுத்தத்தில் கிழக்கேகோட்டை பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைக்காமல், நின்றுகொண்டே வந்தாள்.

அபராதம் கட்டி, பெயர் மாறி, நவம்பர் கடைசியில் பதிவு புதுக்கி வந்தது. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுப்ரியா போன் செய்தாள். சங்குமுகத்தில் மறுபடி ஓட்டிப் பழகிவிட்டு, கல்லாற்றில் நிற்கிறாளாம். தனியாக. அடுத்த வாரம் கூட வருகிறீர்களா, நீங்களே ஓட்டுங்கள் என்றாள். பாகீரதி, வேண்டாம் என்றாள். அதற்கடுத்த வாரமும் வேண்டாம் என்றாள். ஆனால் அதே மாதம் கண் பரிசோதனைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்த் தன்னுடைய ஓட்டுநர் உரிமத்தை ஐந்து வருஷத்துக்குப் புதுக்கிக்கொண்டாள். வண்டியே இல்லாமல் லைசென்ஸ் எதுக்கு மேடம் என்று அனில் கேட்டதற்கு, போட்டோ எடுக்க எந்த ஜன்னல் என்று பதிலுக்குக் கேட்டாள்.

தானே வைத்துக்கொள்ள வழி இருந்தது. பொய்க் கையெழுத்து வேண்டாம் என்றால் வழக்கு, வழக்கு வேண்டாம் என்றால் அந்த அரைப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் மலைக்குப் போயிருக்கலாம். யார் பின்னாலேயே வந்து பார்க்கப்போகிறார்கள்? வேலாயுதன் இதைக் கேட்டான். ஜானவி போனில் கேட்டாள். ஹரி இரண்டு தடவை கேட்டான், இரண்டாவது தடவை குரல் தணிந்து. மார்கழியில் ஒரு காலை, நடைக்குக் கிளம்பிய ராமசுப்ரமணியனும் நின்று கேட்டார்: "ஏன் மாமி, அத்தனை ஆசையா வெச்சிருந்த வண்டியை ஏன் தூக்கிக் குடுத்தேள்?"

பாகீரதி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வாசல் முழுக்க இடம் இருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பிறகு குனிந்து, இடது ஓரத்தில், வண்டி நின்ற இடத்தை அப்படியே விட்டு, மூன்று புள்ளியில் முடித்துவிட்டு உள்ளே போனாள்.